கூம்பகக் காயும் வல்லநாயும்: ஆட்டக்காயைக் கொண்டு ஆட்டத்தை அறிதலின் எல்லைகள்

ஆய்வுச்சுருக்கம்

தமிழகத் தொல்லியல் களங்களில் சுடுமண்ணாலான ஆட்டக்காய்கள் கிடைத்து வருகின்றன. அவற்றுள் கூம்பு வடிவில் அமைந்தவற்றைக் குறிப்பிட்ட ஓர் ஆட்டத்துக்கு, பெரும்பாலும் சதுரங்கத்துக்கு, உரியனவாகக் காட்டும் போக்குப் பொதுவெளியில் காணப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் உருவான, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத்தக்க பிரமிடு வடிவக் காய்த்தொகுதியின் ஆட்டமுறைகளை விளக்கி, காயின் வடிவிலிருந்து ஆட்டத்தின் விதியை உய்த்துணர்வதில் உள்ள இடர்ப்பாட்டை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. தொல்காப்பியம், சங்கப்பாடல்கள், பெரியபுராணம் ஆகியவற்றின் குறிப்புகளும் இன்றும் வழக்கிலுள்ள பல்லாங்குழி, தாயம், ஆடுபுலி ஆட்டம் ஆகியவற்றின் அமைப்பும் இதற்குத் துணைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஆட்டக்காய், கூம்பகம், வல்லு, வட்டு, பல்லாங்குழி, கீழடி, மூர்க்க நாயனார்

முன்னுரை

சென்னையின் தென்மேற்குப் புறநகராக இன்று வளர்ந்துள்ள குன்றத்தூர், சேக்கிழார் பிறந்த ஊர். இரண்டாம் குலோத்துங்க சோழன் (ஆட்சி 1133–1150) காலத்தவராகிய அவர் பாடிய அடியார்களுள் ஒருவர் சூதாடிப் பொருளீட்டியவர். அவர் மூர்க்க நாயனார். அவருடைய ஊரான திருவேற்காடு, குன்றத்தூருக்கு வடக்கே மாங்காட்டையும் கடந்து செல்லும் தொலைவில் உள்ளது. தம் பொருளையெல்லாம் அடியார்க்கு அமுது படைப்பதில் செலவிட்டபின், முன்பு கற்றிருந்த சூதையே அவர் தொழிலாகக் கொள்கிறார். உள்ளூரில் அவருடன் ஆட ஆளில்லாமற் போகவே ஊர்விட்டு ஊர் சென்று குடந்தையை அடைகிறார். முதல் ஆட்டத்தில் தாம் தோற்று, எதிரியைப் பணையம் மிகுக்கச் செய்து, பின்னர்த் தொடர்ந்து வெல்வது அவரது முறை. வென்ற பொருளைத் தர மறுப்பவரைச் சுரிகையால் குத்தியதால் மூர்க்கர் எனப் பெயர் பெற்றார்.

சூதாடுவோர் எந்நாளும் கையாளும் இவ்வுத்தியைச் சேக்கிழார் துல்லியமாக அறிந்திருக்கிறார். ஆனால் ஆடப்பட்ட பலகை எத்தகையது, காய் எத்தகையது, எத்தனை பேர் ஆடினர் என்பன பாடலின் நோக்கத்துக்குப் புறம்பானவை. அவற்றைப் பாடல் விரித்துரைக்கவில்லை. இங்கு நமக்குக் கிடைப்பது ஆடியவரின் போக்கு மட்டுமே. இதற்கு நேர்மாறாக, அகழாய்வில் கிடைப்பது காய். ஆடியவரும் இல்லை, பலகையும் இல்லை. கோயில் தளங்களிலும் பாறைகளிலும் காணப்படும் கீறல்களில் பலகை இருக்கிறது, காய் இல்லை. ஆட்டம், காய், பலகை என்னும் மூன்றும் ஒருங்கே கிடைத்த பழந்தமிழ்ச் சான்று அரிது. ஒன்றைக் கொண்டு மற்றிரண்டையும் ஊகிக்கும் கட்டாயம் ஆய்வாளருக்கு நேர்வது இதனால்தான். அந்த ஊகத்துக்கு எவ்வளவு இடமுண்டு என்பதைச் சோதிக்க, விதிகள் முழுமையாக எழுதப்பட்டுள்ள தற்காலக் காய்த்தொகுதி ஒன்று நல்ல அளவுகோலாகும்.

கூம்பகக் காய்த்தொகுதி

1980-களின் பிற்பகுதியில் ஆண்ட்ரூ லூனி என்னும் அமெரிக்கர் தாம் எழுதிய சிறுகதையில் ‘ஐஸ்ஹவுஸ்’ என்றோர் ஆட்டத்தைக் கற்பனையாக இடம்பெறச் செய்தார். ஜான் கூப்பர் என்பவர் அக்கற்பனைக்கு உண்மையான விதிகளை வகுத்தார். கதையில் பிறந்து கைக்கு வந்த ஆட்டம் என்ற வகையில் இது விந்தையானது. சதுர அடித்தளமும் நான்கு சரிவுப் பக்கங்களும் கொண்ட பிரமிடுகளே இதன் காய்கள். அவற்றை இக்கட்டுரை கூம்பகக் காய்கள் எனக் குறிக்கிறது. காய்கள் சிறியது, நடுத்தரம், பெரியது என மூவளவின. முறையே ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள் அவற்றின் மதிப்பைக் காட்டுகின்றன. மிகப் பெரிய காயின் உயரமே இரண்டு அங்குலத்துக்குள் அடங்கும். ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரே நிறத்தில் ஐந்தைந்தாகப் பதினைந்து காய்கள்.

முதல் ஆட்டமான ஐஸ்ஹவுஸுக்குப் பலகை கிடையாது. முறைவைத்து ஆடுவதும் கிடையாது. அனைவரும் ஒரே வேளையில் வெற்று மேசையில் காய்களை வைத்துக்கொண்டே போவர். நிமிர்ந்து நிற்கும் காய் காக்கும் காய். படுத்துக் கிடந்து முனையால் பிறர் காயைச் சுட்டுவது தாக்கும் காய். தாக்கும் காய்களின் கூட்டு மதிப்பு காக்கும் காயின் மதிப்பை விஞ்சினால் அது வீழ்ந்ததாகும். ஆக, ஒரே காய் நிற்கையில் ஒரு தொழிலும் கிடக்கையில் வேறொரு தொழிலும் செய்கிறது.

பின்னர்க் காய்கள் உள்ளீடற்ற நெகிழியில் வார்க்கப்பட்டன. இச்சிறு மாற்றம் பெரிய விளைவை உண்டாக்கியது. உள்ளீடற்ற காய்களை இருவகையில் அடுக்கலாம். பெரியதன்மேல் நடுத்தரமும் அதன்மேல் சிறியதும் ஏற்றினால் கோபுரம் போன்ற அடுக்கு. எல்லாக் காயும் வெளியே தெரியும். சிறியதை நடுத்தரமும் நடுத்தரத்தைப் பெரியதும் மூடினால் கூடு போன்ற அடுக்கு. புறத்தே ஒன்று, அகத்தே இரண்டு. இவ்விரு அடுக்குகளையும் விதிகளாக மாற்றிப் பல ஆட்டங்கள் உருவாயின. கிரிஸ்டின் லூனி உருவாக்கிய ‘எரிமலை’ ஆட்டத்தில் ஐந்துக்கு ஐந்து கட்டங்களில் கூடுகள் வைக்கப்படுகின்றன. மேலே மூடியாக அமர்ந்த சிறு காயை நகர்த்தினால் உள்ளிருக்கும் காய்கள் குழம்பு வழிவதுபோல் ஒரே திசையில் அடுத்தடுத்த கட்டங்களுக்குப் பரவும். கோரி ஹீத் வகுத்த ‘ஜெண்டோ’ இன்னும் வேறானது. ஒருவர் மனத்துக்குள் ஒரு விதியை நினைத்து, அவ்விதிக்கு உடன்பட்ட அமைப்பு ஒன்றையும் உடன்படாத அமைப்பு ஒன்றையும் காய்களால் கட்டிக் காட்டுவார். மற்றவர்கள் புதிய அமைப்புகளைக் கட்டிப் பார்த்து அவ்விதியைக் கண்டறிய வேண்டும். இங்கே காய் போரிடுவதில்லை, நகர்வதில்லை, வெட்டப்படுவதுமில்லை. அது எழுத்தைப் போலச் செயல்படுகிறது.

2016-இல் லூனி லேப்ஸ் நிறுவனம் வெளியிட்ட பெட்டியில் பத்து நிறங்களில் தொண்ணூறு காய்களும் 22 ஆட்டங்களுக்கான விதிகளும் இருந்தன. ஒரே காய், 22 ஆட்டங்கள். விதிநூல் தொலைந்துபோய்க் காய்கள் மட்டும் மண்ணுள் புதைந்து, நெடுங்காலத்துக்குப்பின் ஒருவர் அவற்றைத் தோண்டி எடுப்பதாகக் கொண்டால், அவர் எந்த ஆட்டத்தின் பெயரை அருங்காட்சியக அட்டையில் எழுதுவார்?

யாருடைய காய்?

ஓர் ஆட்டத்தின் காய்களைக் கண்டவுடன் அவற்றை நிறத்தாலோ வடிவாலோ இரு தரப்பாகப் பிரிப்பது இயல்பாகிவிட்டது. சதுரங்கம் நம் சிந்தையில் ஊன்றிய பழக்கம் இது. காயின் உரிமை பல வழிகளில் நிலைபெறும் என்பதற்குத் தமிழரின் வழக்காட்டங்களே சான்று.

ஆடுபுலி ஆட்டத்தில் உரிமை காயின் வகையால் அமைகிறது. மலைபோல் உச்சி குவிந்து கீழே விரியும் கோடுகளில் 23 சந்திகள். மூன்று புலி ஒருவருக்கு, பதினைந்து ஆடு மற்றவருக்கு. புலி தாவி வெட்டும். ஆடு சூழ்ந்து மடக்கும். இரு தரப்புக்கும் எண்ணிக்கையும் வேறு, இலக்கும் வேறு. தாயத்தில் உரிமை அடையாளத்தால் அமைகிறது. ஒருவர் வளையல் துண்டும் இன்னொருவர் புளியங்கொட்டையும் வைத்து ஆடுவர். தம்முடையது என்று அடையாளம் தெரிந்தாற் போதும். சுற்றி முடித்த காயைப் பழம் என்பது தாய ஆட்டத்தின் அழகிய வழக்கு. கிளையில் நிகழ்வது கட்டத்திலும் நிகழ்கிறது.

பல்லாங்குழியில் நிலைமை முற்றிலும் மாறுகிறது. பதினான்கு குழிகளில் ஏழு ஒருவருக்கு, ஏழு மற்றவருக்கு. முத்துகளுக்கு நிறமும் இல்லை, உரிமையாளரும் இல்லை. தம் குழியிலிருந்து அள்ளிய முத்து எதிராளியின் குழியில் விழுந்தவுடன் அது அக்குழிக்குரியவரின் வசமாகிறது. ஒரு குழியில் நான்கு சேர்ந்து ‘பசு’ ஆனால், குழிக்குரியவர் எடுத்துக்கொள்வார். இங்கு உரிமையை முடிவு செய்வது இடம்.

இக்கோட்பாட்டைக் கூம்பகக் காய்களின் வழியே மீண்டும் காண முடிகிறது. ஆண்ட்ரூ லூனியின் ‘செவ்வாய்ச் சதுரங்கம்’ என்னும் ஆட்டத்தை இருவர் ஆடுகையில், சதுரங்கப் பலகையின் பாதி மட்டும் பயன்படும். ஒவ்வொருவர் பகுதியிலும் மூவளவுக் காய்கள் மும்மூன்றாக வைக்கப்படும். சிறியது மூலைவாக்கில் ஒரு கட்டமும், நடுத்தரம் நேர்க்கோட்டில் ஒன்றோ இரண்டோ கட்டமும், பெரியது சதுரங்க அரசியைப் போல் எத்திசையிலும் எவ்வளவு தொலைவும் செல்லும். காய்களின் நிறத்துக்குப் பொருளில்லை. தம் பகுதிக்குள் எந்தக் காய் இருக்கிறதோ அது தம்முடையது. ஆகவே, பெரிய காயால் எதிராளியின் காயை வெட்டச் சென்றால், வெட்டிய மறுகணமே அப்பெரிய காய் எதிராளிக்குச் சொந்தமாகிறது. ஈட்டலும் இழத்தலும் ஒரே செயலில் நிகழ்கின்றன. பல்லாங்குழி ஆடிய கைக்கு இவ்விதி எளிதில் பிடிபடும். சதுரங்கம் மட்டும் பயின்றவர் முதலில் திகைப்பார்.

அடுக்கினாலும் உரிமை அமையக்கூடும். உலகச் சதுரங்க வாகையராக விளங்கிய இமானுவேல் லாஸ்கர் 1911-இல் வெளியிட்ட ‘லாஸ்கா’ ஆட்டத்தில் வெட்டப்பட்ட காய் பலகையை விட்டு நீங்காது. வெட்டியதன் அடியில் சேரும். உச்சியில் இருப்பது யாருடைய காயோ, அடுக்கு முழுவதும் அவருடையது. உச்சிக்காய் பின்னர் வெட்டுப்பட்டால் அடியில் சிறைப்பட்டது விடுதலை பெறும்.

எனவே உரிமையை வகை, அடையாளம், இடம், கிடப்பு, அடுக்கு எனப் பல நெறிகளால் அறியலாம். இவற்றுள் முதலிரண்டு மட்டுமே காயின் உருவில் தடம் பதிப்பன. ஏனைய மூன்றும் ஆடும்போது தோன்றி, ஆட்டம் முடிந்ததும் மறைவன. தமிழ் விளையாட்டாய்வில் முன்னோடியான தேவநேயப் பாவாணரின் ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ ஆண்பால், பெண்பால், இருபால் எனவும் பகலாட்டு, இரவாட்டு எனவும் ஆட்டங்களைப் பகுத்தது. ஆடுவோரையும் பொழுதையும் முதன்மைப்படுத்தும் அப்பகுப்பு நாட்டார் வழக்காற்றியலுக்குப் பெரிதும் உதவியது. ஆனால் அதைப் பின்பற்றித் தொகுக்கப்படும் பட்டியல்களில் ஆட்டத்தின் உள்ளியக்கம் பின்தள்ளப்பட்டுவிடுகிறது. பல்லாங்குழி பெண்பாலாட்டு என்னும் செய்தி கிடைக்கிறது; முத்துக்கு உரிமையாளர் இல்லை என்னும் செய்தி கவனம் பெறாமற் போகிறது.

வல்லநாயும் வல்லப்பலகையும்

காயையும் பலகையையும் தனித்தனியே பெயரிட்டுக் குறித்த பழஞ்சான்று தொல்காப்பியமே. எழுத்ததிகாரப் புள்ளிமயங்கியலில் ‘வல்’ என்னும் சொல்லின் புணர்ச்சி கூறப்படுகிறது. அதனோடு நாய், பலகை ஆகிய சொற்கள் வந்து சேருங்கால் உகரம் கெட்டு அகரம் பெறுதலும் உண்டு. வல்லநாய், வல்லப்பலகை என்றாகும். இலக்கணநூல் இருசொற்களுக்கெனத் தனிவிதி வகுக்கும் அளவுக்கு அவை மக்கள் நாவில் பயின்றிருந்தன. நாய் என்பது இங்கே சூதாடு காய். பழங்கிரேக்கத்தில் ‘பொலிஸ்’ என்னும் ஆட்டத்தின் காய்க்கும் நாய் என்றே பெயர் வழங்கிற்று. இவ்வொப்புமை சுவையானது, அதற்குமேல் அதன்மீது எதையும் கட்டியெழுப்புவது பொருந்தாது.

புறநானூற்றின் 52-ஆம் பாடலில் பாழ்பட்ட பொதியில் ஒன்று காட்டப்படுகிறது. நரைத்த முதியவர்கள் அமர்ந்து நாயை இட்டு இட்டுக் குழிந்துபோன வல்லிடத்தில் இப்பொழுது காட்டுக்கோழி முட்டையிடுகிறது. அகநானூறும் (377) முதியவர்கள் வல்லாடும் காட்சியைத் தருகிறது. புறநானூற்றுப் பாடலில் கவனிக்கத்தக்கது குழி. காயை இடுவதால் தளம் குழிய வேண்டுமெனில், அது மீண்டும் மீண்டும் அதே புள்ளிகளில் இடப்பட்டிருக்க வேண்டும். ஆக, வல்லாட்டம் நிலையான இடங்களைக் கொண்ட பலகையாட்டம் என்ற அளவுக்கு உறுதியாகக் கூறலாம். அதன் விதி என்ன, இடங்கள் எத்தனை, பகடை உருட்டப்பட்டதா என்பவற்றைப் பாடலிலிருந்து பெற இயலாது.

நற்றிணையின் 3-ஆம் பாடல் வேறொரு வகையில் எச்சரிக்கிறது. வேப்பமரத்து நிழலில், பொன்னுரைக்கும் கட்டளைக்கல்லைப் போலக் கோடிட்டு அரங்கு இழைத்து, சிறுவர்கள் நெல்லியை வட்டாகக் கொண்டு ஆடுகின்றனர். கல்வியின்றி அவை புகுதலை அரங்கின்றி வட்டாடுதலுக்கு ஒப்பிடும் குறளுக்கு (401) உரை கண்ட பரிமேலழகர் இந்நற்றிணைப் பாடலையே மேற்கோளாகக் காட்டுகிறார். அரங்கு மண்ணில் கிழித்த கோடு, மழைக்கு அழியும். காயோ நெல்லி, மட்கிப்போகும். சங்ககாலச் சிறுவர் ஆடியதாக நாம் ஐயமின்றி அறிந்த ஓர் ஆட்டம், அகழாய்வுக் குழியில் எந்தத் தடயத்தையும் விட்டிருக்காது.

குழியெல்லாம் பல்லாங்குழியா?

பாறையிலோ கோயில் தளத்திலோ வரிசையாகக் குழிகள் காணப்பட்டால் பல்லாங்குழி என்றும், கோடுகள் காணப்பட்டால் ஆடுபுலி அல்லது தாயக்கட்டம் என்றும் எழுதிவிடுவது களக்குறிப்புகளில் வழக்கமாகிவிட்டது. பல இடங்களில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் புறநானூற்று முதியவர்களின் தளமும் குழிந்தே இருந்தது. அது பல்லாங்குழி அன்று. இலங்கையின் பாறைகளில் வெட்டப்பட்ட ஆட்டப்பலகைகளை எச். பார்க்கர் 1909-இல் வெளியிட்ட ‘பண்டைய இலங்கை’ என்னும் ஆங்கில நூலில் பதிவுசெய்தபோது, ஊரார் ஆடிய முறையைக் கேட்டறிந்து எழுதினார். பலகைக்கு விதியைத் தந்தவர்கள் மனிதர்கள்.

இவ்விடத்தில் சோழியைக் கருத வேண்டும். தாயத்தில் சோழிகளைக் குலுக்கி எறிந்து, நிமிர்ந்தவற்றை எண்ணினால் அவை பகடை. பல்லாங்குழியில் இட்டால் அவை முத்து. கட்டத்தில் நகர்த்தினால் அவை காய். ஒருபுறம் தேய்த்த புளியங்கொட்டைக்கும் இம்மூன்று தொழிலும் உண்டு. கூம்பகக் காய்த்தொகுதியைப் புதுமை எனப் போற்றுவோர் கூறும் சிறப்பு, ஒரே கருவி பல ஆட்டங்களுக்கு உதவுவது என்பது. தமிழகத்துத் திண்ணைகளில் சோழியும் கொட்டையும் அவ்வாறே உதவி வந்துள்ளன. கிடப்பைக் கொண்டு மதிப்பைக் கணிக்கும் ஐஸ்ஹவுஸின் உத்தியும் சோழியின் நிமிர்வு, கவிழ்வுக்கு அயலானதன்று.

கீழடிக் கூம்புகள்

கீழடியில் 2014-15 தொடங்கி நடைபெற்ற அகழாய்வுகளில் வட்டச் சில்லுகளும் பகடையும் சுடுமண் ஆட்டக்காய்களும் கிடைத்துள்ளன. 2023 மார்ச்சு மாதம் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்தின் வழியே இத்தகைய பொருள்கள் பொதுமக்களின் பார்வைக்கு வந்துள்ளன. அடி அகன்று உச்சி குவிந்த சுடுமண் காய்கள் சதுரங்கச் சிப்பாயைக் கண்முன் நிறுத்துவதில் வியப்பில்லை. ஊடகங்களிலும் மேடைகளிலும் அவை ‘சதுரங்கக் காய்கள்’ எனப் பெயர் பெறுவதும் அதனால்தான்.

அப்பெயருக்குக் காலக்கணிப்பு இடம் தரவில்லை. சதுரங்கம் என்னும் ஆட்டத்தைப் பற்றிய உறுதியான சான்றுகள் கி.பி. 6, 7-ஆம் நூற்றாண்டுகளை ஒட்டியே தொடங்குகின்றன. கீழடியின் பண்பாட்டு மண்ணடுக்குகளுக்குக் கூறப்படும் காலம் அதற்குப் பன்னூற்றாண்டு முற்பட்டது. வடிவ ஒப்புமை என்னும் ஒரே நூலால் இரண்டையும் பிணைப்பதாயின், அந்நூல் எவ்வளவு வலுவானது எனக் கேட்க வேண்டும். இன்றைய சிப்பாயின் குவிந்த வடிவமே பிற்கால ஐரோப்பியக் கடைசலின் விளைவு. பழைய சதுரங்கக் காய்கள் அவ்வாறு இருந்திருக்க வேண்டியதில்லை. கூம்பு வடிவம் ஏன் பல பண்பாடுகளில் தோன்றுகிறது என்பதற்கு எளிய விடையும் உண்டு: அகன்ற அடி சாயாது நிற்கும், குவிந்த உச்சி இருவிரலுக்கு அடங்கும். சிறிது களிமண்ணை விரல்களால் கிள்ளி எடுத்து நிறுத்தினாலே கூம்பாகிவிடும். இவ்வடிவம் கைக்கும் மண்ணுக்கும் உள்ள உறவைச் சொல்கிறது. விதியைப் பற்றி அது ஏதும் சொல்வதில்லை.

இதனால் அக்காய்களின் மதிப்புக் குறையாது. சதுரங்கம் என்று சூட்டிய பெயர்தான் அவற்றைக் குறுக்குகிறது. வல்லநாய் என்றொரு பெயர் தமிழிலேயே இருக்க, நகர வாழ்வில் ஓய்வும் ஆட்டமும் இருந்தமைக்கு நேரடிச் சான்றாக நிற்கும் காய்களுக்கு இரவல் பெயர் தேவையில்லை. அதே வேளையில், அவையே வல்லநாய் என்று முடிவுகட்டுவதும் முன்னதைப் போன்ற அவசரமே. சிறிய சுடுமண் கூம்பு அடைப்பானாகவோ எடையாகவோ கூட இருந்திருக்கக்கூடும் என்பதைக் களச்சூழலை நோக்கியே விலக்க வேண்டும்.

பதிவுசெய்ய வேண்டியவை

கூம்பகத் தொகுதியில் விதியைச் சுமப்பவை மூன்று: அளவு வரிசை, அடுக்கும் தன்மை, நிற்றலும் கிடத்தலும். அகழாய்வு அறிக்கையில் மொத்த எண்ணிக்கையும் உயரத்தின் மேல், கீழ் எல்லைகளும் மட்டும் தரப்பட்டால் இம்மூன்றும் மறைந்துவிடும். ஒவ்வொரு காயின் உயரமும் அடிவிட்டமும் தனித்தனியே தரப்பட்டால், அவை தொடர்ச்சியாகப் பரவியுள்ளனவா, இரண்டு மூன்று அளவுகளில் திரண்டுள்ளனவா என்பதைக் கணிக்கலாம். திரண்டிருந்தால் அளவுக்குப் பொருள் இருந்தது. பரவியிருந்தால் செய்த கையின் வேறுபாடு எனக் கொள்ளலாம். அடியின் தேய்வு இழுத்து நகர்த்தியதையும், உச்சியின் மழுங்கல் பிடித்துத் தூக்கியதையும், பக்கவாட்டுத் தேய்வு படுக்க வைத்ததையும் காட்டக்கூடும். ஒரே குழியில் ஒரே அடுக்கில் எத்தனை காய்கள், அவற்றோடு பகடையோ சில்லோ இருந்ததா என்பதும் இன்றியமையாதது.

பலகைகளைப் பொறுத்தவரை அவசரம் மிகுதி. திருப்பணிகளின்போது பழைய கல்தளங்கள் மெருகேற்றப்படுகின்றன, அல்லது புதிய கற்பலகைகளால் மூடப்படுகின்றன. கல்வெட்டு எனில் படியெடுத்த பின்பே தொடுவர். ஆட்டக்கீறல் எனில் கேட்பாரில்லை. சேக்கிழார் குன்றத்தூரில் எடுப்பித்த திருநாகேசுவரம், குன்றின்மேலுள்ள முருகன் கோயில், மாங்காடு, திருவேற்காடு எனத் தென்மேற்குப் புறநகரின் கோயில் தளங்களையும் படிக்கட்டுகளையும் ஒரு சிறு ஆய்வுக்குழு சில வாரங்களில் நடந்தே பார்த்துவிட முடியும். கீறல் கிடைத்தால் அதன் கோடுகளையும் சந்திகளையும் அளந்து வரைவதோடு, அவ்வூரில் அறுபது, எழுபது வயதைக் கடந்தோரிடம் அதை எவ்வாறு ஆடினர், எதை வைத்து ஆடினர், வெட்டிய காய் யாரிடம் போகும் என்று கேட்டு எழுத வேண்டும். கடைசிக் கேள்வியைக் கேட்பவர் அரியர். விடை சொல்லத் தெரிந்தவர்களின் எண்ணிக்கையும் ஆண்டுதோறும் குறைந்து வருகிறது.